அணி மாறி அணி ஆடும் கூடைப்பந்து வாழ்க்கை: சுங்கை சிப்புட் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், புதுக்கிராமத்துத் திடல் ஒன்றில் மாலை நேரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுத் தருகிறேன். பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கிவிடும் அப்பாக்களும், பயிற்சி முடியும்வரை ஓரத்தில் காத்திருக்கும் அம்மாக்களும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பலவானாலும் கவலை ஒன்றுதான்: அமெரிக்க நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஆக முடியாத பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் பிழைப்பு உண்டா? உண்டு. அது எப்படிப்பட்ட பிழைப்பு என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு அணி மாறுகிறார் என்றால் அவரிடம் ஏதோ குறை இருப்பதாகத்தானே நினைக்கத் தோன்றுகிறது?

தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் உச்சக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஓர் அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். உலகம் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடுபவர்களுக்கு அங்கே மொத்தம் 450 இடங்கள்தான். அவற்றிலும் முன்வரிசை இடங்களில் நட்சத்திரங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியிலும் கடைசி நான்கைந்து இடங்கள் மட்டுமே ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் பத்தாண்டு தாக்குப்பிடிப்பவர் சாதாரண ஆட்டக்காரராக இருக்க முடியாது.

இஷ் ஸ்மித் என்பவரைப் பாருங்கள். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2010ஆம் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹியூஸ்டன் அணியில் எப்படியோ ஓர் இடம் பிடித்தார். அதன்பின் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ் என்று போய்க்கொண்டே இருந்தார். 2022இல் டென்வர் அணியில் சேர்ந்தபோது அது அவருக்குப் பதின்மூன்றாவது அணி, என்.பி.ஏ. வரலாற்றில் அத்தனை அணிகளுக்கு அதுவரை யாரும் ஆடியதில்லை. அந்தப் பருவத்தில்தான், 2023 ஜூனில், டென்வர் தன் முதல் பட்டத்தை வென்றது. இஷ் ஸ்மித்துக்கும் வெற்றி மோதிரம் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருமுறை அவரைப் போகவிட்ட ஃபிலடெல்ஃபியா, 2015 டிசம்பரில் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. செம்பனைக் குலை வெட்ட ஒப்பந்தத்துக்குப் போகிறவரை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தோட்டத்தில் வேலை முடிந்ததும் அடுத்த தோட்டத்து மண்டோர் அவரைக் கூப்பிடுகிறார் என்றால், அவர் வெட்டு சுத்தமாக இருக்கிறது என்பதால்தான். இஷ் ஸ்மித்தைப் பதின்மூன்று அணிகள் கூப்பிட்டதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அவருக்கு முன்பும் இப்படிப் பலர் இருந்தார்களா?

இருந்தார்கள். பன்னிரண்டு அணிகள் என்ற முந்தைய சாதனையைச் சக்கி பிரௌன், டோனி மாசென்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வர் பகிர்ந்திருந்தார்கள். இவர்களில் ஜோ ஸ்மித் 1995ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். அந்த ஆண்டில் அமெரிக்காவிலேயே மிகுந்த நம்பிக்கைக்குரிய இளைஞர் என்று கருதப்பட்டவருக்கும் கடைசியில் இதே வாழ்க்கைதான் அமைந்தது. சக்கி பிரௌன் 1995இல் ஹியூஸ்டனுடனும், மாசென்பர்க் 2005இல் சான் அந்தோனியோவுடனும் பட்டம் வென்றார்கள்.

பத்து நாள் ஒப்பந்தம் என்கிறார்களே, உண்மையிலேயே பத்து நாள்தானா?

உண்மையிலேயே பத்து நாள்தான். பத்து நாளைக்குள் மூன்று ஆட்டங்கள் வராவிட்டால் மூன்றாவது ஆட்டம் முடியும்வரை நீளும். ஜனவரி 5ஆம் தேதி முதல் அணிகள் இப்படி ஆள் எடுக்கலாம். ஒரே பருவத்தில் ஒரே அணி ஒருவருக்கு இரண்டு முறைதான் பத்து நாள் கொடுக்க முடியும். அதற்குமேல் அவர் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் போடவேண்டும். வேண்டாமென்றால் அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்பதை என் பிள்ளைகளுக்கு நான் விரிவாகச் சொல்வதுண்டு, ஏனென்றால் இந்தத் தொழிலின் சாரம் அதில் இருக்கிறது. காலையில் தொலைபேசி வருகிறது. மாலைக்குள் வேறொரு நகரத்தில் இருக்கவேண்டும். மருத்துவர் முட்டியையும் கணுக்காலையும் திருகிப் பார்க்கிறார். துணைப் பயிற்றுநர் ஒருவர் அணியின் ஆட்ட வகுப்புகளை, அதாவது யார் எங்கே ஓடவேண்டும் என்ற திட்டங்களை, காட்டுகிறார். அணிக்கு அணி அவற்றின் பெயர் வேறு, கை சைகை வேறு. நேற்றுவரை ஆடிய அணியில் முஷ்டியை உயர்த்தினால் ஒன்று, இங்கே இன்னொன்று. தன் இடத்தை மட்டும் படித்தால் போதாது. ஐந்து பேரும் எங்கே நிற்பார்கள், யார் யாருக்காக எதிராளியின் வழியை மறித்து நிற்பார்கள் என்பதை அன்று இரவுக்குள் மனப்பாடம் செய்தாகவேண்டும்.

மறுநாள் ஆட்டம். மூன்றாம் கால்பகுதியில் இரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது வழக்கமான ஆட்டக்காரருக்கு நான்காவது தவறு விழுகிறது. பயிற்றுநர் பெஞ்சின் கோடியைப் பார்த்துக் கையை அசைக்கிறார். ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்த உடம்பு அந்தக் கணமே ஓடவேண்டும். எட்டு நொடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். சொன்ன வகுப்பைத் தொடங்கி, பந்தைச் சரியான கையில் சேர்த்துவிட்டு, எதிரணி திரும்பும்முன் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்காமல் இருக்கலாம். பந்தை இழக்காமல், தன் ஆளைக் கூடைக்குள் விடாமல் இருந்தால் வேலையைச் செய்துவிட்டார் என்று பொருள். திடலில் பிள்ளைகள் எல்லோரும் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியத்தான் துடிக்கிறார்கள். இந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிச் சொன்ன பிறகு சிலர் தடுப்பாட்டம் கேட்டு வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஆள் சிம் புல்லரும் உள்ளே நுழைந்தது பத்து நாள் ஒப்பந்தத்தில்தான். கனடாவில் வளர்ந்த அவருக்கு 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ அணி அந்த வாய்ப்பைக் கொடுத்தது. மூன்று ஆட்டங்களில் களமிறங்கினார். பிறகு தைவானுக்குப் போய் அங்கே தொழிலைத் தொடர்ந்தார்.

அணிகள் ஏன் இவர்களை இப்படிப் பந்தாடுகின்றன?

பெரும்பாலும் கணக்குக்காக. என்.பி.ஏ.வில் ஊதிய உச்சவரம்பு உண்டு. இரு அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கச் சம்பளமும் ஏறத்தாழப் பொருந்தவேண்டும். ஒரு நட்சத்திரத்தை வாங்கும் பேரத்தில் கணக்கு இடித்தால் சிறிய ஒப்பந்தக்காரர் ஒருவரை நடுவே சேர்த்துவிடுவார்கள். அவர் ஆட்டத்துக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இருக்காது. இன்னொன்று, பலருடைய ஒப்பந்தம் ஜனவரி 10ஆம் தேதிவரை உறுதி செய்யப்படாததாக இருக்கும். அதற்குமுன் கழற்றிவிட்டால் மீதிச் சம்பளம் தரவேண்டியதில்லை. அதனால் ஜனவரி முதல் வாரம் இவர்களுக்குத் தூக்கம் வராத வாரம். பிப்ரவரியில் ஆள் மாற்றத்துக்கான கடைசி நாள் வரும்போது மறுபடியும் அதே நிலைமை.

முழு ஒப்பந்தம் தவிர இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று 2017இல் வந்தது. பெரும்பாலான நாள் ஜி லீக் என்ற துணை லீகில் ஆடுவார். மேல் அணி கூப்பிட்டால் ஒரு பருவத்தில் 50 ஆட்டங்கள்வரை அங்கே இருக்கலாம்.

என்.பி.ஏ.வை விட்டால் வேறு எங்கே வேலை?

உண்மையைச் சொன்னால், இந்தத் தொழிலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஐரோப்பாவில் ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, ஜெர்மனி என்று நாட்டுக்கு நாடு லீக் உண்டு. ஆஸ்திரேலியாவின் லீக் 1979இல் தொடங்கியது. ஆசியாவிலும் குறைவில்லை. பிலிப்பைன்ஸ் லீக் 1975இலேயே தொடங்கியது. ஆசியாவின் முதல் தொழில்முறை லீக் அதுதான். சீனாவில் 1995, கொரியாவில் 1997, ஜப்பானின் இப்போதைய பி லீக் 2016. தைவான், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளிலும் ஆட்டம் நடக்கிறது.

இங்கெல்லாம் வெளிநாட்டவருக்கான இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸ் லீகில் உள்நாட்டவர் மட்டுமே ஆடும் போட்டித்தொடரும் உண்டு. வெளிநாட்டவரை அனுமதிக்கும் தொடர்களில் அணிக்கு ஒருவர் என்பதுதான் வழக்கம். கவர்னர் கோப்பைத் தொடரில் அந்த ஒருவருக்கும் உயர வரம்பு வைத்திருந்தார்கள். அந்த ஒருவர் இரண்டு ஆட்டத்தில் சோபிக்காவிட்டால் மூன்றாம் ஆட்டத்துக்கு வேறொருவர் விமானத்தில் வந்து இறங்குவார். ஐரோப்பியப் பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கி மே, ஜூனில் முடியும். முடிந்ததும் சிலர் புவேர்ட்டோ ரிக்கோவுக்கோ பிலிப்பைன்சுக்கோ போய் இன்னொரு பருவம் ஆடிவிடுவார்கள். ஓய்வு என்பது ஒப்பந்தம் கிடைக்காத காலம்தான்.

ஆட்டமும் சற்று மாறும். என்.பி.ஏ.வில் 48 நிமிடம். மற்ற பெரும்பாலான இடங்களில் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி 40 நிமிடம். மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் நடுவில் 7.24 மீட்டர், ஃபீபாவில் 6.75 மீட்டர். வளையம் மட்டும் எங்கே போனாலும் 3.05 மீட்டர் உயரம்.

மலேசியாவுக்கு இப்படிப்பட்டவர்கள் வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள். 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது கோலாலம்பூர் டிராகன்ஸ் அதில் ஓர் அணி. பிறகு வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற பெயரில் 2016இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியை இறுதிச் சுற்றில் வென்று பட்டம் எடுத்தது. அந்த அணியின் பந்தைக் கையாண்டவர் ஜேசன் பிரிக்மன். டெக்சஸில் வளர்ந்தவர். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மற்றவருக்குப் பந்து கொடுத்துப் புள்ளியாக்கியவர்; முதல் பிரிவு வரலாற்றில் அந்த எண்ணைத் தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்படிப்பட்டவரையும் என்.பி.ஏ. எடுக்கவில்லை. ரஷ்யாவில் ஆடினார், மலேசியாவுக்கு வந்தார், பிறகு தாய்லாந்தின் மோனோ வம்பயர் அணிக்குப் போனார். ஒல்லியான, உயரம் குறைந்த ஒருவர், தான் எறிவதைவிட இன்னொருவரை எறிய வைப்பதில் பெயர் எடுத்து நாடு நாடாக வேலை வாங்கினார். நம் பிள்ளைகள் பார்த்துப் படிக்கவேண்டிய ஆட்டம் அவருடையது. 2020இல் கொரோனா வந்ததும் அந்த லீக் பாதியில் நின்றது. அதில் ஆடியவர்கள் பலர் ஒரே வாரத்தில் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள்.

கூடைப்பந்து சீனர் ஆட்டம் என்கிறார்களே? நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா?

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். நான் உரக்கவே பதில் சொல்கிறேன்.

மலேசியாவில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் சீன சமூகத்தினர். சீனப் பள்ளிகள் வளர்த்தன, சங்கங்கள் வளர்த்தன, ஏறக்குறைய ஒவ்வொரு புதுக்கிராமமும் ஒரு திடலைப் போட்டு வளர்த்தது. தோட்டத்தில் நமக்குக் காற்பந்துத் திடல் இருந்தது. அதனால் நாம் காற்பந்து ஆடினோம். காரணம் அவ்வளவுதான். நான் கற்றுத் தரும் திடலை விளக்கோடும் கூரையோடும் வைத்திருப்பது புதுக்கிராமத்துக் குழு. நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மாலைகள் ஒதுக்கித் தருகிறார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

தேசிய அணியிலும் டிராகன்ஸ் அணியிலும் ஆடியவர் குகனேஸ்வரன் பத்துமலை. இடம் இல்லை என்று சொல்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மலேசிய ஆண்கள் அணி தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 1979இலும் 1989இலும் தங்கம் வென்றது. பிலிப்பைன்ஸ் கோலோச்சும் ஒரு போட்டியில் அதைச் செய்தது சிறிய காரியம் இல்லை.

நடைமுறையில் ஒரு தடை உண்டு, அது மொழி. பல கிளப்புகளில் பயிற்றுநர் ஓய்வு இடைவேளையில் மாண்டரினில்தான் பேசுவார். அறுபது நொடியில் அவர் சொல்வது புரியாவிட்டால் பிள்ளை களத்தில் தடுமாறுவான். ஆகவே மாண்டரினில் எண்களையும் திசைகளையும் ஆட்டச் சொற்களையும் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். தமிழ், மலாய், ஆங்கிலத்தோடு நான்காவதாக ஒரு மொழி கொஞ்சம் தெரிந்தவன் பிறகு தைவானுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான்.

மலேசியாவில் மட்டும் ஆடி வாழ முடியுமா?

ஒரு சிலரால் முடிகிறது, சில ஆண்டுகளுக்கு. பெரும்பாலோர் வேறு வேலையோடு சேர்த்துத்தான் ஆடுகிறார்கள்: உடற்பயிற்சிக் கூடத்தில், பள்ளியில் பயிற்றுநராக, குடும்பக் கடையில். உள்நாட்டு லீக்குகள் தொடங்குவதும் நிற்பதும் பெயர் மாறுவதும் வழக்கம். மாதச் சம்பளம் வருகிறதென்று வீட்டுக்கடன் வாங்கவேண்டாம். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு இருப்பது அரிது. ஊழியர் சேமநிதிக்குக் கிளப் செலுத்துகிறதா என்று கேளுங்கள். செலுத்தாவிட்டால் நாமே விரும்பிச் செலுத்தும் வழி சேமநிதியில் உண்டு, அதைச் செய்யுங்கள். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இது அநாவசியமாகத் தெரியும். முப்பத்தைந்து வயதில் அப்படித் தெரியாது.

சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினால்?

வெளிநாட்டு ஆட்டத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். மூன்று மாதம் ஒழுங்காக வரும். அணி தோற்கத் தொடங்கியதும் தாமதமாகும், பிறகு நின்றுபோகும். இதற்காகவே ஃபீபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. இன்று அதன் பெயர் கூடைப்பந்து நடுவர் மன்றம்; சட்டப்படி அதன் இருப்பிடம் ஜெனீவா. ஆட்டக்காரர், ஏஜெண்ட், கிளப் ஆகியோருக்கு இடையிலான பண வழக்குகளை அது தீர்க்கிறது. எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தையும் புரட்டிக்கொண்டிருக்காமல், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அதன் வழக்கம். பெரும்பாலும் நேரில் போகவேண்டியதில்லை. ஆவணங்களை வைத்தே முடிந்துவிடும். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்கு ஃபீபா புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விதிக்கலாம். கிளப்புகள் அஞ்சுவது அதற்குத்தான்.

ஆனால் அந்த மன்றத்துக்குப் போவதற்கு ஒப்பந்தத்திலேயே அதற்கான விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை கையெழுத்துப் போடும்முன் நீங்கள் தேடவேண்டிய வரி அது. கூடவே இவற்றையும் பாருங்கள்: சம்பளம் எந்தத் தேதியில், எந்த நாணயத்தில்? வரியைக் கழித்தா, கழிக்காமலா? தங்குமிடமும் திரும்பி வர விமான டிக்கெட்டும் கிளப் பொறுப்பா? காயமடைந்தால் சம்பளம் தொடருமா? உடற்சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று இருந்தால், சோதனையை எத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும்? வாயால் சொன்னது எதையும் நம்பவேண்டாம். கிளப் உரிமையாளர் நல்லவராக இருக்கலாம், அடுத்த ஆண்டு அவர் கிளப்பை விற்றுவிடவும் கூடும்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு லீகுக்குப் போகும்போது பழைய நாட்டுச் சங்கம் தடையில்லை என்று கடிதம் கொடுக்கவேண்டும். அது வராமல் களமிறங்க முடியாது. ஆகவே ஒரு கிளப்போடு மனக்கசப்பு என்றாலும் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாமல், எழுத்தில் விடுவிப்பு வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

ஏஜெண்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. நாடு விட்டு நாடு ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு ஃபீபா உரிமம் இருக்கவேண்டும். அவருடைய வருமானம் ஒப்பந்தம் கிடைத்த பிறகு அதில் ஒரு பங்காக வருவது. ஐரோப்பாவில் பல ஒப்பந்தங்களில் அதையும் கிளப்பே கொடுத்துவிடுகிறது. என்.பி.ஏ.வில் ஏஜெண்ட் எடுக்கும் பங்கு அதிகபட்சம் நான்கு விழுக்காடு. பயிற்சி முகாம் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று குடும்பத்தின் நகையை அடகு வைக்கச் சொல்பவர் ஏஜெண்ட் இல்லை. கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

உயரம் இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். இஷ் ஸ்மித் ஆறடிதான். அதற்கும் முன்பு மக்சி போக்ஸ் ஐந்தடி மூன்று அங்குலத்தோடு என்.பி.ஏ.வில் 14 பருவங்கள் ஆடினார். மாறாக, ஏழடி ஐந்து அங்குலம் இருந்த சிம் புல்லருக்கு அங்கே மூன்று ஆட்டங்களே கிடைத்தன. குள்ளமான பிள்ளை பந்தை எந்தக் கையாலும் தலை குனியாமல் தட்டக் கற்றுக்கொள்ளட்டும்.

காயம் பட்டால் எல்லாம் போய்விடுமே?

பெற்றோரின் இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. முட்டியின் சிலுவைத் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் முதல் ஓராண்டுவரை ஆட முடியாது. நட்சத்திரத்துக்கு அணி காத்திருக்கும், பத்து நாள் ஆளுக்குக் காத்திருக்காது.

ஷான் லிவிங்ஸ்டன் கதையை இதற்காகவே சொல்கிறேன். 2007 பிப்ரவரியில் கிளிப்பர்ஸ் அணிக்கு ஆடும்போது இறங்கிய கால் மடங்கி, முட்டியின் தசைநார்கள் ஒன்றுக்குமேல் அறுந்தன. காலையே எடுக்கவேண்டி வரலாம் என்று பேசும் அளவுக்குப் போனது. மறுபடியும் நடக்கக் கற்றுக்கொண்டார். பின்பு மயாமி, ஓக்லஹோமா, வாஷிங்டன், சார்லட், மில்வாக்கி, கிளீவ்லாந்து, புரூக்லின் என்று அலைந்தார். பழைய வேகம் போய்விட்டது. அதனால் கூடைக்கு முதுகைக் காட்டி, குட்டையான ஆளின் தலைக்குமேல் எறியும் ஓர் எறிதலைத் தீட்டி வைத்துக்கொண்டார். 2014இல் கோல்டன் ஸ்டேட் அழைத்தது. 2015, 2017, 2018 என்று மூன்று பட்டங்கள். எனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களில் நான் மிகவும் மதிப்பவர் அவர்.

திடலில் நாங்கள் செய்வது எளியது. குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாயாமல், இரு பாதத்திலும் மெதுவாக இறங்கப் பழக்குகிறோம். ஒவ்வொரு பயிற்சியும் இதில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டுகிறது. இருந்தாலும் விடுவதாக இல்லை.

படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடட்டுமா?

வேண்டாம். எஸ்.பி.எம். எழுதாத பிள்ளையை நான் எந்தத் தேர்வு முகாமுக்கும் அனுப்புவதில்லை. ஆண்ட்ரே இங்கிராம் பத்துப் பருவங்கள் துணை லீகில் ஆடினார். அங்கே சம்பளம் குறைவு, ஆகவே இடையிடையே பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். 2018 ஏப்ரல் 10ஆம் தேதி, தம் 32ஆவது வயதில், லேக்கர்ஸ் அணிக்காக முதன்முறை களமிறங்கி 19 புள்ளிகள் எடுத்தார். அரங்கமே எழுந்து நின்றது. அந்த இரவுக்காகப் பத்தாண்டு காத்திருக்க அவருக்குத் தெம்பு கொடுத்தது அந்தக் கணக்குப் பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மகள் ஆட விரும்புகிறாள். அவளுக்கும் இந்த வாழ்க்கை உண்டா?

உண்டு, இன்னும் கடினமானது. அமெரிக்கப் பெண்கள் லீகில் அணிகளும் குறைவு, ஓர் அணியில் இருக்கும் இடங்களும் குறைவு. அதனால் அங்கே ஆடும் பெண்கள் பலர் பருவம் முடிந்ததும் ஐரோப்பா, சீனா, ஆஸ்திரேலியா என்று போய் ஆண்டின் மறுபாதியைச் சம்பாதித்திருக்கிறார்கள். ஆனால் மலேசியாவில் பெண்கள் அணி தென்கிழக்காசியப் போட்டிகளில் ஆண்களைவிடப் பலமுறை தங்கம் வென்ற அணி. பள்ளி அளவில் நல்ல பயிற்சி கிடைக்க வாய்ப்பு அதிகம். மாலையில் மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் உடன் வந்து உட்காருங்கள்.

எத்தனை வயதுவரை ஆடலாம்? அதற்குப் பிறகு?

முப்பதைத் தாண்டியதும் அழைப்புகள் குறையும். என்.பி.ஏ.வில் மூன்று பருவங்கள் முடித்தவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. ஆகவே அந்த மூன்றாம் பருவத்தை எட்டுவது பலருக்கு மிகப் பெரிய இலக்கு. பிற நாடுகளில் அப்படி எதுவும் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பல அணிகளில், பல பயிற்றுநர்களிடம் இருந்தவருக்குக் கிடைக்கும் அறிவு பெரிது. சாம் காசல் எட்டு அணிகளுக்கு ஆடி மூன்று பட்டங்கள் வென்றார். பிறகு துணைப் பயிற்றுநராகி 2024இல் பாஸ்டனோடு மறுபடியும் பட்டம் கண்டார். பத்து அணியின் வகுப்புகளை மனப்பாடம் செய்தவரைவிட நல்ல ஆசிரியர் யார் கிடைப்பார்?

திருமணம், குடும்பம்?

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் மனைவியும் பிள்ளைகளும் ஓர் ஊரில் நிலையாக இருக்க, இவர் மட்டும் போய்வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது. அக்டோபரும் நவம்பரும் பருவம் சூடுபிடிக்கும் மாதங்கள். பெண் பார்க்கும்போதே இதைச் சொல்லிவிடுவது மரியாதை.

என் மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். இப்போது என்ன செய்யவேண்டும்?

பள்ளி அணியில் சேரட்டும். மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் ஆடட்டும். அங்கிருந்து மாநிலம், அங்கிருந்து சுக்மா விளையாட்டுப் போட்டி. தேர்வாளர்கள் பார்க்கும் படிகள் இவைதான். தினமும் இடது கையால் பந்து தட்டச் சொல்லுங்கள், வீட்டு வாசல் சிமெண்டுத் தரை போதும். எறிதலை வளையத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, வடிவம் கெடாதபோது மட்டும் ஓர் அடி பின்னால் போகட்டும். பதினான்கு வயதில் 6.75 மீட்டரிலிருந்து எறியப் போனால் தோள் வலியும் கெட்ட பழக்கமும்தான் மிஞ்சும். ஆட்டத்தின் காணொளி பார்த்தால் பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டு, பந்து இல்லாத நால்வர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காலணி வாங்க ஈப்போவரை போகவேண்டாம். இப்போதைக்குக் கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பக்கம் வழுக்காத எதுவானாலும் சரி. வளரும் கால், ஆறு மாதத்தில் சிறியதாகிவிடும். பயிற்சிக்கு வரும்போது தண்ணீர்ப் புட்டியும் ஒரு துண்டும் கொண்டுவந்தால் போதும். கட்டணம் இல்லை.